பஞ்சின் மேல் நடப்பவர்கள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அக்னி லிங்கத்தின் முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு கணம் கண்ணை மூடுகிறார்கள். கை தலைக்கு மேல் போகிறது, உதடு அசைகிறது, கண் மூடுகிறது. காவி வேட்டி கட்டிய அந்தப் பெரியவர் மட்டும், கண்ணை மூடுவதற்கு முன் இடது கையால் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு கையால்தான் கும்பிடுகிறார். கண் மூடியிருக்கும்வரை உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. திறந்ததும் ஆட்டம் நிற்கிறது. பக்கத்தில் நின்ற பெண் அதை அருள் வந்த ஆட்டமாக எடுத்துக்கொண்டு, அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்கிறாள்.

அவர் நடப்பதையும் பார்க்க வேண்டும். பார்வை முழுக்கத் தரையில். ஒவ்வொரு அடியையும் தேவைக்கு மேல் உயர்த்தி, தட்டி வைக்கிறார். குதிகால் தரையில் பட்ட சத்தம் கேட்ட பிறகே அடுத்த அடி. 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றுகிற பாதையில் நொண்டி நடப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் வலிக்கிற கால் தரையில் பட்டதும் சட்டென்று எழுந்துவிடும். இவருடைய கால் தரையைத் தேடுகிறது.

மரத்தடிக்குத் திரும்பியதும் குடத்தைச் சாய்த்து இரண்டு பாதத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். “எரியுது” என்கிறார், யாரும் கேட்காமலே.

துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்காருகிறார். அவரும் காவிதான். “ராத்திரியிலதான் சாமி ஜாஸ்தி. நடந்தா பஞ்சு மேல நடக்குற மாரி கீது. செருப்பு கழண்டு போனாகூடத் தெரியல.”

“அக்னி ஸ்தலம் இல்லியா சாமி. சூடு ஏறத்தான் செய்யும்” என்கிறார் மூன்றாவது ஆள். ஆறுதலாகத்தான் சொல்கிறார். மற்ற இருவரும் தலையாட்டுகிறார்கள்.

கண், உள்காது, பாதம் மூன்றும் அனுப்பும் சேதியை வைத்துத்தான் மனித உடம்பு நிமிர்ந்து நிற்கிறது. பாதத்தின் சேதியைக் கொண்டுபோகும் நரம்புக் கட்டு முதுகுத்தண்டின் பின்பக்கமாக மூளைக்கு ஏறுகிறது. அது பழுதானால், பாதத்தின் வேலையையும் கண்ணே பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் கண்ணை மூடினால் தள்ளாட்டம், இருட்டினால் பயம். காலையில் முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிகிறவர் அப்படியே முன்னால் சாய்வார். 19ஆம் நூற்றாண்டில் ரோம்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த சோதனை இது. கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்வார்கள். இன்றும் நரம்பு மருத்துவரின் அறையில் நடக்கிறது. அக்னி லிங்கத்தின் முன்னால், யாரும் சொல்லாமலே நாள் முழுக்க நடக்கிறது.

அந்த நரம்புக் கட்டை அரிப்பவற்றில் முக்கியமானது பி12 என்ற வைட்டமின் இல்லாமல் போவது. பார்த்த மாத்திரத்தில் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோயும் பாதத்தை எரியவைக்கும், மரக்கவைக்கும். குடியும் அதைச் செய்யும், தொழுநோயும் செய்யும். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் ஒருவருடைய நோய்க்குப் பெயர் வைப்பது தவறு. ஆனால் மரத்தடியில் ஒருவர் மட்டும் இல்லை. எரியுது, மதமதங்குது, நாக்கு வெந்த மாதிரி இருக்குது, ஏறி இறங்கினா மூச்சு வாங்குது என்ற பேச்சு மரத்துக்கு மரம் கேட்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர்கள் கையிலிருக்கும் இலையைப் பார்த்தால், சந்தேகம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

இந்த ஊரில் பசியோடு படுப்பது கடினம். பெரிய கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம். முற்பகலில் ரமணாசிரம வாசலில் சாதுக்கள் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், வாளியோடு வருவார்கள், தட்டு நிறையும். காலையில் எங்கிருந்தோ ஒரு வண்டி வந்து நிற்கும், வெண்பொங்கல். மாலையில் இன்னொன்று. பௌர்ணமியென்றால் சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வேன் வேனாக அண்டாக்கள் இறங்கும். புளிசாதம், எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், சாம்பார் சாதம், கேசரி. பாக்குமட்டைத் தட்டுகள் பாதையோரம் மலையாகக் குவியும்.

கொடுப்பவர்களின் முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். வியர்வையில் நனைந்த சேலையோடு கரண்டி பிடித்து நிற்கிற பெண், “இன்னும் கொஞ்சம் சாமி, இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சுகிறாள். தட்டு நீளும்போது அவள் குனிகிறாள். வாங்குகிறவரைவிடக் கொடுக்கிறவர் குனிந்து நிற்கும் தெருக்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்? அந்தக் கரண்டியில் குறை காண எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒரு நாளில் அந்த மரத்தடிக்கு வந்து சேர்வதை வரிசையாகப் பார்த்தால் அரிசி, அரிசி, ரவை, மறுபடியும் அரிசி. பருப்பு சாம்பாரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். பொரியல் இருந்தால் ஒரு விரல். கடைசியில் வரும் மோர், வெளுத்த தண்ணீர். வயிறு நிறைகிறது. நிஜமாகவே நிறைகிறது. அதனால்தான் யாருக்கும் வேறு எதுவும் தோன்றுவதில்லை.

பி12-ஐச் செடி செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. ஆடு மாடுகளின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து வைப்பதைத்தான் பாலாகவும் கறியாகவும் ஈரலாகவும் நாம் வாங்கிக்கொள்கிறோம். முட்டையில் இருக்கிறது. மீனில், கருவாட்டில் இருக்கிறது. அரிசியில் இல்லை, பருப்பில் இல்லை, கீரையில் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை 5 லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. 100 மில்லி பாலில் அரை மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். கறியும் முட்டையும் தொடாதவர், நாளுக்கு அரை லிட்டர் பாலாவது ஏதாவது ஒரு உருவத்தில் உள்ளே அனுப்பியாக வேண்டும். செங்கம் சாலை டீக்கடையில் அந்தப் பெரியவர் வாங்கிக் குடிக்கிற டீயில், பால் நான்கு விரற்கடைகூட இருக்காது.

இந்தக் குறைபாடு மற்றதைப் போல உடனே காட்டிக்கொடுக்காது. கல்லீரல் சில மில்லிகிராம் பி12-ஐச் சேர்த்து வைத்திருக்கிறது. வரவே நின்றுபோனாலும் மூன்று, நான்கு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும், அந்தச் சேமிப்பில் ஓடிவிடும். வீட்டை விட்டு வந்த ஆள், வந்த முதல் வருடம் மலையைத் தினமும் சுற்றுவார். இரண்டாம் வருடமும் சுற்றுவார். உணவு மாறி வெகுகாலம் கழித்துக் கால் எரியத் தொடங்கும்போது, அவர் காரணத்தை நேற்றிலும் முந்தாநாளிலும் தேடுகிறார். வயசு என்கிறார், வினை என்கிறார், சூடு என்கிறார். இலையை அவர் சந்தேகிக்க வழியே இல்லை. அந்த இலைதானே இத்தனை வருடம் அவரைக் காப்பாற்றியது?

இங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் வேலூர். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். அதற்கு முன்பு இரண்டும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். 1962இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் நால்வரும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பாலில் வளர்ந்த கைக்குழந்தைகள் சிலரைப் பற்றியது. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். சில மாதம் சிரித்தார்கள், தலை நின்றது. பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு போனது. கற்றுக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாக மறந்தது. விரல் முட்டிகளின் தோல் கறுத்தது. சோகை பிடித்தது. கையும் தலையும் தானாக நடுங்கின. தாயின் முகத்தைப் பார்த்தாலும் பார்வை ஒட்டவில்லை. தாய்மார்களைச் சோதித்தார்கள். அவர்களிடமே பி12 இல்லை, பாலில் எப்படி இருக்கும்? குழந்தைகளுக்கு பி12 கொடுத்தார்கள், குழந்தைகள் தெளிந்து முழித்தார்கள்.

மருத்துவ இலக்கியத்தில் இதைவிட நெஞ்சைப் பிடிக்கிற கட்டுரைகள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. பால் கொடுத்த தாய்மார்கள் எதையும் ஒளித்து வைக்கவில்லை. இருப்பதையெல்லாம் கொடுத்தார்கள். இல்லாதது ஒன்றுதான் போய்ச் சேரவில்லை.

அதே வேலூர் இன்னொரு பக்கத்தையும் திறந்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு வகைப் பேதி கொள்ளைநோயாகப் பரவியது. மருத்துவர்கள் வைத்த பெயர் வெப்பமண்டல ஸ்ப்ரூ. பேதி நின்ற பிறகும் குடல் தேறாது. உள்ளே போகிற சத்தை உறிஞ்சிக்கொள்ளாது. சாப்பிட்டும் இளைப்பார்கள், சோகை பிடிக்கும். பேக்கரும் மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் இதை ஆராய்ந்தார்கள். அங்கிருந்துதான் நமக்கு விளங்குகிறது: தட்டில் இருந்தால் மட்டும் போதாது. பி12-ஐ உடம்புக்குள் அழைத்துக்கொள்ள இரைப்பை ஒரு புரதத்தைச் சுரக்க வேண்டும். உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி பழுதில்லாமல் இருக்க வேண்டும். இந்த நீண்ட வழியில் எங்கே அடைத்தாலும் முடிவு ஒன்றுதான். கெட்ட தண்ணீரைக் குடித்துக் குடித்துக் குடல் புண்ணானவனுக்கு, பால் கிடைத்தாலும் பாதிதான் பலன்.

1980இல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் நேச்சர் இதழில் எழுதியது வேறொரு அதிசயம். நல்ல உடல்நிலையில் இருக்கும் தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 செய்கிற நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டார்கள். காலமெல்லாம் சைவமாக இருந்தும் எந்தக் கோளாறும் இல்லாத பாட்டிமார்கள் நம் வீடுகளில் இருக்கிறார்களே, அது எப்படி என்ற கேள்விக்கு இதில் கொஞ்சம் விடை இருக்கலாம். அதனாலேயே “எங்க பாட்டி எதைச் சாப்பிட்டாங்க?” என்ற கேள்வியை மரத்தடிப் பெரியவரிடம் கேட்கக் கூடாது. பாட்டிக்கு வீட்டில் ஒரு மாடு இருந்திருக்கும். கெட்டித் தயிர் இருந்திருக்கும். அவள் குடல் இவர் குடல் இல்லை.

மெடிக்கலில் ஒரு மத்தியானம். வெயில் தணியாத நேரம். பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள் ஒரு ஆயா. முந்தானையில் முடிந்திருந்த சீட்டை அவிழ்த்து மேசையில் வைக்கிறாள். கடைப் பையன் சீட்டைப் பார்க்கிறான்.

“என்னா ஆயா பண்ணுது?”

“கால் எரிது நைனா. மதமதன்னு கீது. சோறு எறங்கல, நாக்கெல்லாம் வெந்தாப்ல கீது.”

“சுகர் மாத்திர போட்டுக்கினு இருக்கியா?”

“நாலஞ்சி வருசமா. வீட்டாண்டயே வந்து குடுத்துட்டுப் போறாங்கோ. நல்ல பொண்ணுங்க. இந்த கேசு மாத்திரயும் போடறேன், காலம்பற ஒண்ணு.”

“கறி, முட்ட சாப்புடறியா? சத்து கொறஞ்சிருக்கும்.”

“கவுச்சி தொடறதில்ல நைனா. அவரு போனதுலேர்ந்து.”

பையன் ஒரு அட்டை மாத்திரையை எடுத்து வைக்கிறான். நரம்புத் தளர்ச்சிக்கு என்கிறான். அவள் சில்லறையை எண்ணுகிறாள்.

அந்தச் சின்னப் பேச்சுக்குள் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அவள் போடுகிற சுகர் மாத்திரை, மெட்பார்மின், நல்ல மருந்து. கோடிக்கணக்கான சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தையும் கண்ணையும் காப்பாற்றுகிற வரிசையில் முதலில் நிற்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அதை வாசல்படிக்கே கொண்டுவந்து கொடுப்பது, நாட்டில் பல இடங்களில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் ஆண்டுக்கணக்கில் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறையும். காலையில் போடுகிற கேஸ் மாத்திரை அமிலத்தைக் கட்டிப்போடும், உணவிலிருந்து பி12 பிரிவது அதனாலும் குறையும். இரண்டும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. வருகிற வரவையோ அவள் தானே நிறுத்திவிட்டாள்.

“அவரு போனதுலேர்ந்து.” கணவன் சாகும்வரை அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதித்திருக்கும். அப்போதும் அவள் தட்டில் விழுந்தது குழம்பும் எலும்பும்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் வேண்டியதில்லை, நம் வீடுகளில் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள், பிள்ளைகள், பிறகு அவள். அதற்கும் மேல் அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி, கார்த்திகை விரதம், கோயிலுக்குப் போகிற நாள். கறி தின்கிற சாதி என்று கணக்கெடுப்பில் எழுதப்பட்ட ஒரு வீட்டில், பெண்ணுக்கு மாதத்தில் எத்தனை துண்டு கறி கிடைக்கிறது என்று யாராவது எழுதினால், பி12 குறைபாட்டின் காரணம் பாதி அந்தத் தாளிலேயே வந்துவிடும். கணவன் போனதும் அந்தக் கொஞ்சமும் போகிறது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகம் வெளுத்தால் ரத்தம் கம்மி என்பார்கள். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கிடைக்கும். பி12 இல்லாதவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போனால் ரத்தம் தேறிவிடக்கூடும். முகத்தில் களை வரும். உள்ளே நரம்பு கெடுவது நிற்காது. ஆள் நன்றாக இருப்பதாக வீடு நினைத்துக்கொண்டிருக்கும்போது, கால் தரையை மறந்துகொண்டிருக்கும். எரிச்சல் தொடங்கிய சில மாதங்களில் ஊசி போட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆண்டுகள் தள்ளிப்போனால் திரும்பாதவையும் உண்டு. விலை உயர்ந்த மருந்தல்ல. பி12-இன் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது, அதனால் மருந்து சிவப்பாக இருக்கும். ஆஸ்பத்திரிகளில் ‘செவப்பு ஊசி’ என்று கேட்டுப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 1926இல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும், சோகை முற்றிச் சாகக் கிடந்தவர்களுக்குத் தினமும் ஈரல் ஊட்டிப் பிழைக்கவைத்தார்கள். அதன் உள்ளே இருந்த சிவப்புப் படிகம் 1948இல்தான் கையில் கிடைத்தது. ஈரலுக்கும் ஊசிக்கும் நடுவே 22 ஆண்டு.

குபேர லிங்கத்தைத் தாண்டி இடுக்குப் பிள்ளையார். ஒருக்களித்துப் படுத்து, குறுகிய வழியில் ஊர்ந்து மறுபக்கம் வெளியேறுகிறார்கள். இடுப்புவலி போகும், நரம்புக் கோளாறு தீரும் என்பது நம்பிக்கை. வெளியே வந்து எழுந்து நிற்கிறவர்களில் சிலர் இரண்டு கையையும் சுவரில் ஊன்றித்தான் எழுகிறார்கள். முகத்தில் நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியை எடுத்துக்கொண்டு அப்படியே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் ஒருநாள் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

பாதையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி. தட்டோடு வரிசை. ஆயாம்மா சோற்றைப் போட்டு, மேலே ஒரு முட்டையை வைக்கிறார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989இல் முட்டை சேர்ந்தது. முதலில் எப்போதோ ஒரு நாள், இப்போது பள்ளி நடக்கும் ஐந்து நாளும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் பி12 இருக்கும். சுவருக்கு உள்ளே இருக்கும் குழந்தையின் தட்டில் அது இருக்கிறது, சுவருக்கு வெளியே மரத்தடியில் இருக்கும் கிழவரின் தட்டில் இல்லை. புண்ணிய பூமியில் முட்டையை அன்னதானமாகக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அந்தச் சாமியும் தொடமாட்டார். ஆனால் முட்டை இல்லையென்றால் அந்த இடத்தில் வேறொன்று இருந்தாக வேண்டும். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

ரேஷன் கடைத் திண்ணையில் ஒரு பெண் முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் துழாவுகிறாள். சற்றே மஞ்சளான, கொஞ்சம் தடித்த மணிகளைப் பொறுக்கி ஓரம் தள்ளுகிறாள். “பிளாஸ்டிக் அரிசி வந்துகினே கீது பாரு” என்கிறாள் பக்கத்துப் பெண்ணிடம். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, மறுபடியும் அரிசி வடிவத்தில் பிழிந்து எடுத்த மணி. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். ஒரு கிலோ அரிசியில் சுமார் 1 மைக்ரோகிராம் பி12. நாளுக்கு 400 கிராம் சோறாக்குகிறவருக்கு 0.4 வரும். தேவையில் ஐந்தில் ஒன்று. அது போதாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். பொறுக்கிய மணிகளை அவள் உள்ளங்கையில் அள்ளித் தெருக்கோழிக்கு வீசுகிறாள். மூட்டையில் ‘செறிவூட்டப்பட்ட அரிசி’ என்று அச்சடித்திருக்கிறது. அந்தச் சொல்லை அவளுக்கு யாராவது ஒருமுறை, கடை வாசலில் நின்று, இரண்டு வாக்கியத்தில் விளக்கியிருந்தால் போதும். அச்சடித்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள்.

அரிசி என்றதும் பாலிஷைக் குற்றம் சொல்கிறவர்கள் நிறைய. அதில் நியாயம் உண்டு. ஆரணியிலும் களம்பூரிலும் ஆலைகள் பொன்னியைத் தீட்டித் தீட்டி வெளுக்கும்போது தவிட்டோடு பி1 போய்விடுகிறது. பி1 போனால் பெரிபெரி. அதை ஆராய்வதற்காகத்தான் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் வேலையைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாப்பின் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் கொழுத்தன. மதராஸ் சோறு தின்ற எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அதைத் தலைமையேற்று நடத்தியவர்களில் பெரியவரான சி. கோபாலன் நம் சேலத்தில் பிறந்தவர். 1946இல் அவர் இளம் மருத்துவராக எழுதிய கட்டுரையே கால் எரிச்சலைப் பற்றியதுதான். சோறு மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகளின் எரியும் பாதத்துக்கு ஒவ்வொரு வைட்டமினாகக் கொடுத்துப் பார்த்து, பான்டோதெனிக் அமிலத்தில் நிவாரணம் கண்டார். எரிகிற பாதத்துக்குப் பின்னால் ஒரே ஒரு வைட்டமின்தான் நிற்கும் என்பதில்லை. சோறு மட்டும் தின்கிற உடம்பில் பல கதவுகள் ஒரே நேரத்தில் சாத்தியிருக்கும்.

ஆனால் பி12 விஷயத்தில் பாலிஷைத் திட்டிப் பயனில்லை. தீட்டாத அரிசியிலும் அது கிடையாது. தேரடி வீதியில் ஜவ்வாது மலைச் சாமையைக் கூறுகட்டி விற்கிற பெண், “நரம்புக்கு நல்லது சார், காலு எரியாது” என்கிறாள். சாமை நல்ல தானியம். இரும்பும் நாரும் உண்டு, சர்க்கரைக்காரருக்கு அரிசியைவிட மேல். பி12 மட்டும் இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நம்பி உட்காருமளவுக்கு இல்லை. முருங்கைக்கீரையிலும் இல்லை. நல்ல பொருளுக்கு இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்வது அந்தப் பொருளுக்கும் நல்லதல்ல, அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுகிற ஆளுக்கு நிச்சயம் நல்லதல்ல.

பௌர்ணமி கழிந்த விடிகாலை. ஒரு சத்திரத்து முற்றத்தில் அண்டா கழுவுகிற சத்தம். இரவு முழுக்க விளம்பி ஓய்ந்த குழு, சுவரில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது. கணக்கு நோட்டோடு ஒரு அம்மா.

“அடுத்த பௌர்ணமிக்கு என்ன மாஸ்டர்?”

“புளிசாதம்தாங்க. அதுதான் விடியிறவரைக்கும் தாங்கும்.”

“தயிர்சாதம் போட்டா?”

“பத்து மணிக்குக் கலந்தா ரெண்டு மணிக்குப் புளிச்சிடும்மா. இந்தக் கூட்டத்துல நாலு பேருக்கு வயித்தக் கலக்கினா என்னாவறது?”

மாஸ்டர் சொல்வது சரி. ஆயிரம் பேருக்கு, வெட்டவெளியில், இரவெல்லாம் கெடாமல் இருக்க வேண்டுமானால் புளியும் எலுமிச்சையும்தான் ஆகும். கெடாமல் இருப்பதில் பி12 இருப்பதில்லை. பாதையோரத்து இலைகளில் ஏன் எப்போதும் அதே சோறு விழுகிறது என்பதற்கு, நம்பிக்கையும் சிக்கனமும் காரணம் என்று சொல்வார்கள். என் கண்ணுக்கு அண்டாவின் இந்தக் கணக்கு பெரிய காரணமாகப் படுகிறது.

அந்த அம்மா விடவில்லை. “கூட்டத்துக்கு வேணாம் மாஸ்டர். மரத்தடி சாமிங்களுக்கு மட்டும். காலையில சூடா பால். என் தங்கச்சி நர்ஸா இருக்கா. நேத்து கூட வந்தா இல்ல, அவதான் சொன்னா. அந்தச் சாமிங்க காலைப் பாத்துட்டு.”

“எத்தினி பேருக்கு?”

“இந்த ஓரமா ஒரு நூறு பேர் இருப்பாங்களா?”

“ஆளுக்குக் கால் லிட்டருன்னா இருபத்தஞ்சு லிட்டரு.”

“தண்ணி ஊத்தக் கூடாது மாஸ்டர்.”

“ஊத்தல.” மாஸ்டர் தம்ளரைக் கீழே வைக்கிறார். “மாசத்துக்கு ஒரு நாள் குடுத்தா ஆவுமாம்மா?”

“ஆகாதாம். தினமும் வேணுமாம். ரொம்ப முடியாதவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போடணுமாம். அதுக்கு யார் இருக்கா இங்க? முதல்ல பாலுக்கு வழி பண்ணுவோம். உள்ளூர்ல யாராவது பால்காரர் தெரியுமா, தினமும் ஊத்துற மாதிரி? பணம் நாங்க மாசாமாசம் போட்டுவிட்டுடறோம்.”

மாஸ்டர் யோசிக்கிறார். “அடி அண்ணாமலையில ஒருத்தரு கீறாரு. ஆறு மாடு வெச்சிருக்காரு. இன்னிக்குச் சாயங்காலம் போய்க் கேட்டுட்டு போன் பண்றேன்.”